மூன்று மணி நேர ஒழுக்கம்

அத்தியாயம் 4

திருடன் கழிவறை மூடியை மூடிவிட்டுப் போயிருந்தான்.

வெர்னா ஹாலெக் அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைத் துரத்திவிட்டு, இப்போது மில்பிராண்ட் நகரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நாகரிகமானவனைப் பார்த்ததில்லை.

"நீங்க மூடலையே, மிஸ்டர் ஸ்டாம்?"

"எழுபத்து மூணு வருஷமா நான் மூடினதே இல்ல," என்றார் வீட்டுக்காரர் ஆர்வில் ஸ்டாம். "என் பொண்டாட்டி நாப்பது வருஷம் சொல்லிப் பார்த்தா. இப்ப சொல்றதுக்கும் ஆளில்ல."

போனது அந்த மனைவியின் கல்யாண மோதிரம். குளியலறை அலமாரியில் ஒரு சின்னத் தட்டில் வைத்திருந்தார். போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உணவகத்துக்குப் போய் பேன்கேக் சாப்பிட்டுவிட்டு பதினொரு மணிக்குத் திரும்பியபோது தட்டு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் குளியலறைக்குள் காலெடுத்து வைக்கவே மனசில்லாமல் மாடியில் இருப்பதைத்தான் பயன்படுத்துகிறார்.

"வேற என்ன கலைஞ்சிருந்துச்சு?"

"ஒண்ணும் கலையல. எல்லா ரூம்லயும் லைட் எரிஞ்சுது, பட்டப்பகல்ல. திரையெல்லாம் ஒதுக்கி விட்டிருந்தான். பாத்திரம் கழுவுற தொட்டியில நான் போட்டுட்டுப் போன காபிக் கப்ப எடுத்து அலமாரிக்குள்ள வச்சிருந்தான்."

"எனக்கு இவன் விலாசம் வேணும் பாஸ்," என்றான் டூயி. "வாரத்துக்கு ரெண்டு நாள் என் வீட்டுக்கும் வந்து திருடட்டும்."

டூயி ப்ரூயிட்டுக்கு நாற்பத்தாறு வயது. பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவன். வெர்னாவிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியும் அவன் வாய் மட்டும் கார் விற்பதை நிறுத்தவில்லை.

வெர்னா வாசலுக்கு வந்து கைப்பிடியில் தொங்கிய சாவிப்பெட்டியைப் பார்த்தாள். நான்கு எண்களைத் திருப்பினால் திறக்கும். வீட்டை விற்பனைக்குப் போட்டால் வாசலில் இப்படி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதை உடைத்த தடயம் இல்லை.

"அடுத்தவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் லைட்டப் போட்டு, திரைய ஒதுக்கி, கப்ப ஒளிச்சு, மூடிய மூடுறவன் யாரு, டூயி?"

"வாங்குறவனக் கூட்டிட்டு வர்ற வீட்டுத் தரகன்."

"இருபது வருஷம் செஞ்ச கை. மூளைக்குத் தெரியாமலே செஞ்சிட்டுப் போயிருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் ஆர்வில் வருத்தத்துடன். "பெட்டி நம்பர் வீட்ட விக்கிற லொரீனுக்குத்தானே தெரியும். நல்ல பொம்பளைன்னு நினைச்சேன். அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் போலீஸ்."

பழியைத் துடைக்க வெர்னாவை அமர்த்திய கட்சிக்காரியே லொரீன் டிப்ஸ்தான். ஐந்து நிமிடத்தில் துப்புக் கண்டுபிடித்து, அதைக் கொண்டே தன் கட்சிக்காரியை மாட்டிவிட்டிருந்தாள் வெர்னா. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"மோதிரம் போனதுக்கப்புறம் யாராவது போன் பண்ணினாங்களா?"

"க்ரேடி வான்ஸ் பண்ணினான். மறுநாள் காலையிலயே. முந்தின வாரம் லொரீன்கிட்ட நம்பர் வாங்கி, ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து வீட்டக் காட்டினவன். ரொம்ப வருத்தப்பட்டான். லொரீன நிறுத்திட்டா வீட்ட அவனே வித்துத் தர்றேன்னான்."

"வருத்தத்துக்குக் கமிஷன் எவ்வளவு சதவீதமாம்?" என்றான் டூயி.

லொரீன் வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவளுடைய ஐம்பத்தெட்டாவது பிறந்தநாள். இன்றைக்கே அவளுடைய தரகர் உரிமம் சாகப் போகிறது.

மாநிலச் சட்டம் அப்படி. வீடு விற்கிறவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முப்பது மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால்தான் உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். கெடு அவரவர் பிறந்தநாள், மாலை ஐந்து மணி. அந்த முப்பதில் மூன்று மணி நேரம் தொழில் ஒழுக்கம். மூன்று வருடம் விற்கிற வீட்டின் நிலவறையில் ஏறும் தண்ணீரை வாங்குகிறவரிடம் மறைத்துவிட்டு, ஒரு காலைப்பொழுது ஹோட்டல் அறையில் டோனட் தின்றபடி நெறி கற்றுக்கொண்டு, சான்றிதழோடு வெளியே வருவார்கள். மறுநாளிலிருந்து பழையபடி தண்ணீர் ஏறும்.

லொரீனுக்குக் குறைவாக இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். மோதிரம் போன அதே வியாழக்கிழமை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, அவள் ஒழுக்க வகுப்பில்தான் இருந்தாள். இருந்ததாக அவள் சொன்னாள். வகுப்பு எடுத்தவன் இல்லை என்றான்.

அவன் பெயர் க்ரேடி வான்ஸ்.

க்ரேடியின் முகம் ஊரிலுள்ள எல்லா பஸ் நிறுத்த பெஞ்சுகளிலும் விளம்பரமாக இருந்தது. அதன் மேல்தான் ஊரே உட்கார்ந்து எழுந்தது. அவன் செய்த ஒரே பொதுச்சேவை அதுதான் என்று வெர்னா நினைத்தாள்.

அசல் முகம் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. வலது கையில் முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை மாவுக்கட்டு. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று யார் யாரோ அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே மறக்காமல் அவரவர் தொலைபேசி எண்.

"பனியில வழுக்கிட்டேன்," என்றான் க்ரேடி. "பிப்ரவரி ரெண்டாம் தேதியிலேர்ந்து, ஒரு மாசமா இந்தக் கோலம். செக்ல கையெழுத்துகூட இடது கையிலதான்."

"லொரீன் டிப்ஸ் விஷயமா வந்தோம்."

"பாவம், நல்லவ. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே." வருகைத் தாள்களை இடது கையால் நகர்த்தினான். "வர்றப்ப ஒரு கையெழுத்து, போறப்ப ஒரு கையெழுத்து. நீங்களே பாருங்க. அவ பேரு இல்ல. வராதவளுக்கு எப்படி நான் சான்றிதழ் தர முடியும்? நான் நடத்துறதே ஒழுக்க வகுப்பு."

இரண்டு தாள்கள். தாளுக்குப் பதினைந்து வரி. முப்பது பெயர், ஒரு வரிகூடக் காலியில்லை.

வெளியே வந்ததும் டூயி சொன்னான். "முப்பத்தோராவது ஆளா கையெழுத்துப் போட்டிருந்தா, மூணாவது தாள்ல தனியா இருந்திருப்பா. அதக் கசக்கி எறிஞ்சா போதும்."

"எறிஞ்சிருக்கலாம். ஏன் எறிஞ்சான்? அதுவும் தவிர, முப்பது பேர் அவளப் பாத்திருப்பாங்களே."

முப்பது பேரில் முதலில் அகப்பட்டவள் ட்ரூடி பாஸ்கம். ஒரு காலி வீட்டில், வாங்க வருகிறவர்களுக்காக அடுப்பில் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தாள். தின்பதற்கு அல்ல, வாசனைக்கு. டூயி ஒன்றை எடுக்கப் போனான்; கரண்டியால் அவன் கையில் ஒன்று போட்டாள்.

"லொரீனா? வந்தாளா வரலையான்னு நான் பாக்கலயே, கண்ணு. பாடத்தக் கவனிச்சுக்கிட்டு இருந்தேன்."

இரண்டாவது ஆள் க்ளெம் நோவாட்னி, ஒரு வீட்டு முன்னால் பனிச்சேற்றில் விற்பனைப் பலகை நட்டுக்கொண்டிருந்தான். "எனக்கென்ன தெரியும்? நான் பாடத்தக் கவனிச்சுக்கிட்டு இருந்தேன்."

தொலைபேசியில் இன்னும் ஐந்து பேரைப் பிடித்தார்கள். ஐந்து பேரும் பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ், நானும் கார் விக்கிற உரிமத்துக்கு இந்த மாதிரி வகுப்புல உக்காந்திருக்கேன்," என்றான் டூயி. "ஒருத்தன் கவனிச்சான்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம். ஏழு பேர் கவனிச்சாங்கன்னா ஊருக்கே தொத்துநோய்."

"திரும்ப ட்ரூடிகிட்ட போ."

ட்ரூடி இந்த முறை கரண்டியைக் கீழேயே வைக்கவில்லை.

"அவ்வளவு கவனிச்சீங்களே, என்ன சொல்லிக் குடுத்தார்?" என்று கேட்டாள் வெர்னா.

"ஆறு கடமை. விசுவாசம், ரகசியம், அப்புறம்... எல்லாத்தையும் போர்டுல எழுதிப் போட்டார். முத்து முத்தான எழுத்து. இப்பல்லாம் யாரு அப்படி எழுதுறா?"

வெர்னா நன்றி சொன்னாள். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். வெர்னாவின் முகத்தைப் பார்த்து ட்ரூடி கரண்டியை ஓங்கவில்லை.

காரில் ஏறியதும் டூயி பிஸ்கட்டில் பாதியைப் பிடுங்கினான். "க்ரேடிக்கு எந்தக் கையில கட்டு, பாஸ்?"

"வலது கை. செக்குக்கே இடது கைதான்."

"அப்போ போர்டுல முத்து முத்தா எழுதினது?"

"கை உடையறதுக்கு முந்தி எடுத்த வீடியோவுல இருக்கிற க்ரேடி. அத ஓட விட்டுட்டு, கட்டுக் கை க்ரேடி வெளிய போயிட்டான். ஆர்வில் பேன்கேக் தின்னப் போற நேரம் அவனுக்குத் தெரியும். பெட்டி நம்பரும் தெரியும், முந்தின வாரம் ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து வீட்டக் காட்டியிருக்கான். லொரீன் பேர் இருந்த தாளத் தூக்கி எறிஞ்சா பழி அவ மேல, வீடு இவன் கையில."

"அது சரி. முப்பது பேரும் ஏன் வாயத் தொறக்கல?"

"வாத்தியார் அறையில இல்லன்னா அது வகுப்பே இல்ல, டூயி. சட்டம் அப்படி. வகுப்பு இல்லன்னா முப்பது பேரோட மூணு மணி நேரமும் போச்சு. லொரீன் இருந்தான்னு ஒருத்தன் சொன்னாக்கூட வருகைத் தாள நோண்டுவாங்க. நோண்டினா வீடியோ வெளிய வரும்."

டூயி கணக்குப் போட்டுப் பார்த்தான். "போனா என்ன? மத்தவங்களுக்கெல்லாம் பிறந்தநாள் எங்கேயோ இருக்கு. இன்னொரு நாள் காலையில உக்காந்தாப் போச்சு. டோனட்டும் கிடைக்கும்."

"அதேதான். இன்னொரு நாள் காலையில உக்கார சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு, ஒரு பொம்பளையத் திருடின்னு சொல்ல விட்டிருக்காங்க."

வெர்னா ஜன்னலைத் திறந்து மீதிப் பிஸ்கட்டை வெளியே எறிந்தாள். அவளுக்கு அது இறங்கவில்லை.

"முப்பது பேர்," என்று மறுபடி ஆரம்பித்த டூயி, சட்டென்று நிறுத்தினான். "பாஸ். முப்பது பேர் இல்லையே. முப்பத்தொரு பேர்."

"ஆமா," என்றாள் வெர்னா. "நானும் அதத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில் லொரீன் காத்திருந்தாள். மணி நான்கு பத்து. உள்ளே அதே அறையில், அதே ஆட்களுக்கு, வீட்டுவசதிச் சட்டம் பற்றி க்ரேடி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். வெர்னா கேட்டுக்கொண்டபடி ஆர்வில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அவன் வீடியோவப் போட்டுட்டுப் போனத நீங்களும் பாத்தீங்க," என்றாள் வெர்னா, சுற்றி வளைக்காமல். "எங்கிட்ட சொல்லல."

லொரீனின் கோட்டில் பெயர்ப் பட்டை குத்தியிருந்தது. அவள் விரல் அதைத் தடவிக்கொண்டிருந்தது.

"சொன்னா என் மூணு மணி நேரமும் போயிடுமே, வெர்னா. கம்ப்யூட்டர்ல படிக்கலாம்னா, அது உரிமம் குடுக்குற ஆபீசுக்குப் போய்ச் சேர ரெண்டு நாள் ஆகுமாம். எனக்கு இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான். மறுபடி உரிமம் வாங்க மாசக்கணக்காகும். என் கையில ஆறு வீடு இருக்கு. எல்லாத்தையும் பங்கு போட்டுக்குவாங்க. வீடியோ விஷயத்தச் சொல்லாம, நான் இருந்தத மட்டும் நீங்க நிரூபிச்சிடுவீங்கன்னு நினைச்சேன்."

"எனக்கும் வீடியோ போட்டுக் காட்டியிருக்கீங்க."

வெர்னாவுக்கு அவள் மேலும் வெறுப்பு வந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஊரே நாறும்போது தன் கட்சிக்காரி மட்டும் மணப்பாள் என்று எதிர்பார்த்தது தன் முட்டாள்தனம் என்று தோன்றியது.

க்ரேடியை அறைக்கு வெளியே நடைபாதைக்குக் கூப்பிட்டார்கள். வெர்னா நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மூடி, லைட், போர்டு, கட்டு. க்ரேடியின் சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. பெஞ்சிலும் அப்படித்தான், மழை பெய்தாலும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

"லொரீன், தப்பு என் மேலதான்," என்றான். "கடைசித் தாள் ஒண்ணு வேற பைலுக்குள்ள மாட்டிக்கிச்சு. இப்பத்தான் கிடைச்சுது." சுவரில் ஒரு சான்றிதழை வைத்து, இடது கையால் கோணல்மாணலாக அவள் பெயரை எழுதி நீட்டினான். "இந்தா. இங்க வரவேற்பறையிலேர்ந்தே ஆபீசுக்கு அனுப்பிடலாம். அஞ்சுக்குள்ள போயிடும். நீ வகுப்புல இருந்த, திருடல. உனக்கு வேற என்ன வேணும்?"

லொரீன் வாங்கிக்கொண்டாள். உரிமம், பெயர், ஆறு வீடு எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கடைசி வரிசையில் ஆர்வில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன் இடது கை மோதிர விரலைத் தானே திருகிக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய மோதிரம் இருந்தது. லொரீன் சும்மா இருந்துவிட்டால், அதன் ஜோடி எங்கே போனது என்று அவருக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை. லொரீன் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு நேராக உள்ளே நடந்து அறையின் முன்னால் போய் நின்றாள். முப்பது தலைகள் தொலைபேசிகளிலிருந்து நிமிர்ந்தன.

"போன வியாழக்கிழமை இந்த அறையில வகுப்பே நடக்கல," என்றாள். "ஒன்பதே காலுக்கு க்ரேடி வீடியோவப் போட்டுட்டுப் போனார். பதினொண்ணே முக்காலுக்கு வந்தார். நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. நான் எழுதிக் குடுத்திட்டுப் போறேன்."

சான்றிதழைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்திலேயே எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

பிறகு க்ளெம் நோவாட்னி தொண்டையைச் செருமினான். "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான். ட்ரூடி கைப்பையில் பேனா தேடினாள். வகுப்பு எப்படியும் போய்விட்டது. இனி மறைத்தவன் என்று பெயர் வராமல் இருந்தால் சரி. அடுத்த ஐந்து நிமிடத்தில் தாளுக்கு அடிதடியே நடந்தது. முப்பது பேரும் முதலிலேயே சொல்ல நினைத்தவர்களாம்.

"ஒழுக்கம் எப்படிப் பரவுது பாருங்க பாஸ்," என்றான் டூயி. "ஜன்னலத் தொறந்து வைங்க."

ஆர்வில் எழுந்து மெதுவாக நடந்து வந்து, நடைபாதையில் நின்ற க்ரேடியின் முன் உள்ளங்கையை நீட்டினார். க்ரேடி அந்தக் கையையும், டூயி வழியை மறித்து நின்றதையும் பார்த்தான்.

"என் ஆபீஸ்ல, மேஜை டிராயர்ல இருக்கு," என்றான். "அத வித்துத் தின்ன எடுக்கல. லொரீன நீங்க நிறுத்தணும்னுதான்..."

"தெரியும்," என்றாள் வெர்னா. "அதனாலதான் உன்னத் திருடன்னுகூடச் சொல்ல எனக்கு மனசு வரல. திருடனுக்கு அது அவமானம்."

டூயி போலீஸுக்குப் போன் போட்டான். அவர்கள் வந்து க்ரேடியைக் கூட்டிப்போய், அந்த டிராயரைத் திறந்து மோதிரத்தை எடுத்து ஆர்வில் கையில் கொடுத்தபோது மணி ஐந்தாகி ஆறு நிமிடம். கூடவே வந்திருந்த லொரீன், அந்த அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோட்டிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"வீடியோ போட்டுக் காட்டினேன்னு சொன்னீங்களே," என்றாள் வெர்னாவிடம். "நியாயம்தான்."

"வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றாள் வெர்னா. அவள் வாழ்க்கையில் ஒரு வார்த்தையை வாபஸ் வாங்கியது அதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை விவாகரத்து.

வெளியே ட்ரூடி பாஸ்கம் காரை நிறுத்திவிட்டுச் சேற்றில் ஓடி வந்தாள். லொரீனைக் கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று டூயி நினைத்தான். அவள் லொரீனைத் தாண்டிப் போய் ஆர்விலிடம் நின்றாள்.

"மிஸ்டர் ஸ்டாம், லொரீனால இப்ப விக்க முடியாது இல்லையா? உங்க வீட்டுக்கு யாராவது..." அட்டையை நீட்டினாள். அட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்வில் மனைவியின் மோதிரத்தைத் தன் சுண்டு விரலில் போட முயன்றுகொண்டிருந்தார். முதல் கணுவோடு நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டு, லொரீனிடம் திரும்பினார்.

"மறுபடி உரிமம் வாங்க எத்தன மாசம் ஆகும்மா?"

"அஞ்சு, ஆறு மாசம் ஆகும், மிஸ்டர் ஸ்டாம். நீங்க எனக்காக..."

"என் வீடு எங்கேயும் ஓடிப் போகாது," என்றார் அவர். "பலகையப் பிடுங்கி கராஜ்ல வைக்கிறேன். நீ வந்து நட்டுக்கோ. அதுவரைக்கும் கப்பத் தொட்டியிலயே போட்டுக்கிறேன்."

ட்ரூடி அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு லொரீன் பக்கம் சாய்ந்து, ரகசியமாகக் கேட்டாள்.

"உன்கிட்ட மீதி அஞ்சு வீடு இருக்கு இல்ல, கண்ணு?"